பலகையில் ஐந்து, நாற்காலியில் ஏழேகால்

அந்த அட்டையில் இருக்கிற கை என்னுடையது, தோழர்.

ஆமாம், நீங்கள் விசிறிக்கொண்டிருக்கிறீர்களே, அந்தப் புத்தகத்தைத்தான் சொல்கிறேன். கொஞ்சம் நிமிர்த்திப் பிடியுங்கள். ஒரு மணிக்கட்டு தெரிகிறதா? அதன்மேல் இரண்டு விரல் நாடி பார்க்கிறதா? மணிக்கட்டு என்னுடையது. விரல் என் மகளுடையது. நம்பிக்கை இல்லையென்றால் இதோ பாருங்கள், தோல் பதனிடுகிற தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் விழுந்து வெந்த தழும்பு. படத்தில் அந்தத் தழும்பை எடுத்துவிட்டாள். டாக்டர்களுக்குத் தழும்பு பிடிக்காதாம். பிழைப்பே தழும்பில்தானே நடக்கிறது அவர்களுக்கு!

தோழர் என்றதும் சிரிக்கிறீர்கள். மின்சாமான் கடைக்காரர் தோழராகக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? ஏணியிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டேன் என்றீர்கள். ஏணியில் ஏறுகிறவன் தொழிலாளிதான். முதலாளி கீழே நின்று ஏணியைப் பிடிக்கக்கூட மாட்டான்.

என் பெயர் சவரிமுத்து. திண்டுக்கல்லில் தோல்ஷாப்கள் ஓடிய காலத்தில் முப்பத்தொரு வருடம் சங்கச் செயலாளர். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மிச்சம் படித்ததெல்லாம் துண்டறிக்கையில். முதலில் மற்றவர்கள் எழுதியதைப் படித்தேன், பிறகு மற்றவர்கள் படிக்க நான் எழுதினேன். என் பேச்சும் அதனால் இப்படித்தான் இருக்கும். வீட்டில் கேலி செய்வாள் என் மனைவி. "சோறு போடவான்னு கேட்டாக்கூட மைக் முன்னாடி நின்ன மாதிரிதான் பதில் வரும்" என்பாள்.

டாக்டர் வர நேரமிருக்கிறது. சொல்கிறேன், கேளுங்கள். கேட்டுவிட்டு நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள். இல்லை, சொல்ல வேண்டாம். நியாயம் யார் பக்கம் என்று எனக்குத் தெரியும். கேளுங்கள், அது போதும்.

என் மகள் பெயர் கிளாரா. என் மனைவி ஏதோ புனிதரின் பெயர் என்று நினைத்துச் சம்மதித்தாள். நான் வைத்தது ஜெர்மன் தேசத்துப் பெண் போராளி ஒருத்தியின் பெயர். முப்பத்து நான்கு வயது வரை கோயமுத்தூரில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தாள். பிறகு வேலையை விட்டுவிட்டு இங்கே பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடியில், சொந்தமாக அலுவலகம் போட்டாள். கம்பெனிக்குப் பெயர் 'கோடு'. அவளும் இரண்டு பெண்களும். கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடைப் பை, பள்ளிக்கூட நோட்டு அட்டை என்று செய்துகொண்டிருந்தாள். அப்போதுதான் டாக்டர்கள் மன்றம் வந்தது.

மன்றத்துக்குச் செயலாளர் யார் தெரியுமா? நாம் யாருக்காகக் காத்திருக்கிறோமோ, அதே எலும்பு டாக்டர் திருவேங்கடம்தான். ஊரில் இருக்கிற இருநூற்றுப் பதினான்கு டாக்டர்களையும் ஒரே புத்தகத்தில் கொண்டுவர வேண்டும். எந்தத் தெரு, என்ன வைத்தியம், எத்தனை மணி, தொலைபேசி எண். முன்பக்கத்தில் கட்டுரைகள், பின்பக்கத்தில் பட்டியல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதழ். அதே பட்டியல் இணையதளத்திலும் இருக்க வேண்டும். பெயர், சின்னம், நிறம், எல்லாம் கிளாரா பொறுப்பு. மூன்று வருட ஒப்பந்தம். இந்த ஒன்று நின்றுவிட்டால் 'கோடு' நின்றுவிடும் என்றாள். நின்றுவிடும் என்றால் நிலைத்துவிடும். தூங்காமல் வேலை செய்தாள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னைத் தமிழ் பார்க்கக் கூப்பிட்டாள். "அப்பா, டாக்டருங்க எழுதுற கட்டுரைய நீங்க மனுசன் படிக்கிற மாதிரி மாத்திக் குடுங்க" என்றாள். கொடுத்தேன். ஒரு கட்டுரை, சர்க்கரை நோயாளி மாம்பழம் சாப்பிடலாமா என்று. நான்கு பக்கம் எழுதியிருந்தார், கடைசிவரை சாப்பிடலாமா கூடாதா என்று சொல்லவேயில்லை. நான் முதல் வரியிலேயே 'இரண்டு துண்டு' என்று போட்டேன்.

பெயர் வைக்கும் கூட்டத்துக்கும் போனேன். "டாக்டர் எங்கே?" என்று வைக்கலாம் என்றேன். நல்ல பெயர்தானே? நோயாளி வாயில் முதலில் வருகிற வார்த்தை. திருவேங்கடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஐயா, இது கேள்வி மாதிரி இல்ல, குற்றச்சாட்டு மாதிரி இருக்கு" என்றார். குற்றச்சாட்டு இருக்கிறவருக்குத்தான் அப்படித் தோன்றும் என்றேன். கிளாரா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். கடைசியில் அவளே 'கைநாடி' என்றாள். எல்லாரும் சரி என்றார்கள். நானும் சரி என்றேன்.

சின்னத்துக்கு நான் ஓங்கிய கை வரைந்து கொடுத்தேன். எனக்கு வேறு என்ன வரையத் தெரியும்? "அப்பா, இது ஆஸ்பத்திரி. மறியல் இல்ல" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையைப் பிடித்து மேசைமேல் வைத்து, முட்டியை அப்படியே மடக்கச் சொல்லி, மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துப் படமெடுத்தாள். டாக்டர்கள் கைதட்டினார்கள். அத்தனை படித்தவர்களில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை, அது வேலைநிறுத்தச் சுவரொட்டியின் கை என்று. சிவப்புதான் கேட்டேன், செங்கல் நிறம் கிடைத்தது. விட்டுக்கொடுத்தேன். எனக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது என்று சொல்கிறவர்களிடம் நீங்கள் இதைச் சொல்லலாம்.

அடுத்தது பட்டியல். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

அந்த இரண்டு பெண்களும் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டு நேரத்தைப் பதிந்துகொண்டிருந்தார்கள். "சார் அஞ்சு மணிக்கு வருவார்." பதிந்தார்கள். "மேடம் நாலரைக்கு." பதிந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சங்கத்தில் நாங்கள் அப்படியா செய்தோம்? முதலாளியிடம் போய், எத்தனை மணிக்கு ஷிப்ட் முடிக்கிறீர்கள் என்று கேட்டு அதை அறிக்கையில் போட்டால் ஆள்கள் சிரிக்க மாட்டார்களா? ஷாப் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார வேண்டும். யார் எத்தனை மணிக்கு உள்ளே போகிறான், எத்தனை மணிக்கு வெளியே வருகிறான், மூன்று நாள் எழுத வேண்டும். மூன்று நாளும் ஒன்றாக இருந்தால் அது உண்மை. அறிக்கையில் ஏறிவிடும். இதற்குக் கேட் கணக்கு என்று பெயர். நாற்பது வருடம் அதைத்தான் செய்தேன், ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

டாக்டர்களுக்கும் கேட் கணக்கு எடுத்தேன். ஒரு தெருவுக்கு மூன்று நாள். மழையிலும் போனேன். ஏழு மாதம். எழுபத்தோரு வயதில், இதயத்தில் இரண்டு ஸ்பிரிங் வைத்த ஆள். அதை என் மகள்தான் பெரிதாகச் சொல்வாள், எனக்கு அது ஒன்றுமில்லை.

இணையதளத்தில் ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு பக்கம். அதில் கடைசிக் கட்டம் 'குறிப்பு'. லிஃப்ட் உண்டு, சக்கர நாற்காலி வரும், வண்டி நிறுத்த இடமில்லை, இப்படி எழுதுவதற்காகக் கிளாரா வைத்திருந்தாள். என்ன எழுதினாலும் அங்கேயிருந்து அப்படியே இதழின் பக்கத்துக்கும் போய்விடும், அப்படி அமைத்திருந்தாள். கெட்டிக்காரி. எனக்கும் அதில் பதியச் சொல்லிக்கொடுத்திருந்தாள். வாசல் பலகையில் போட்டிருக்கிற நேரம், டாக்டர் நாற்காலியில் வந்து உட்கார்கிற நேரம், இரண்டையும் இரண்டு விரலால் பதிந்தேன். இருநூற்றுப் பதினான்கு குறிப்பு.

'பலகையில் மாலை ஐந்து. நாற்காலியில் ஏழேகால்.'

'பலகையில் நாலரை. நாற்காலியில் ஆறு. புதன்கிழமை வருவதில்லை, பலகை அதைச் சொல்வதில்லை.'

'பலகையில் ஐந்து. நாற்காலியில் ஐந்து. வாழ்க.'

வாழ்க போட்டது ஒன்பது பேருக்கு. உள்ளதை உள்ளபடி எழுதினேன், பகை எதுவும் இல்லை.

கிளாராவுக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். ஒரு நாள் பத்து, பதினைந்து பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பா, நல்லாருக்கு, சத்தியமா நல்லாருக்கு. ஆனா எல்லாத்தையும் எடுத்துருங்க" என்றாள். சரி என்றேன். எடுக்கவில்லை. எதற்கு எடுக்க வேண்டும்? மூன்று நாள் பார்த்து எழுதிய உண்மை. நல்லாருக்கு என்று அவளே சொல்லிவிட்டாள். அச்சுக்குப் போகிற அவசரத்தில் அவள் அட்டையைப் பார்த்தாள், நிறத்தைப் பார்த்தாள், கட்டுரைகளைப் பார்த்தாள். பட்டியலை அப்பா பார்த்துக்கொள்வார் என்று விட்டாள். நானும் பார்த்துக்கொண்டேன்.

மூவாயிரம் பிரதி. வெளியீடு ஒரு கல்யாண மண்டபத்தில். அழைப்பிதழில் ஆறு மணி, டாக்டர்கள் வந்தது ஏழரைக்கு. அதையும் குறித்துக்கொண்டேன். குத்துவிளக்கு, பொன்னாடை எல்லாம் முடிந்து ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். புத்தகம் கையில் வந்தால் மனிதன் முதலில் எதைப் பார்ப்பான்? தன் படத்தை. இருநூறு பேரும் தன் பக்கத்தைப் புரட்டினார்கள். அப்போது மண்டபத்தில் ஒரு அமைதி வந்தது பாருங்கள், தோழர்! எத்தனையோ கூட்டம் பேசியிருக்கிறேன். அப்படி ஒரு அமைதியை நான் பேசி வாங்கியதில்லை.

முதலில் ஒரு பல் டாக்டர் எழுந்தார். "யாருய்யா இது, என் வாசல்ல உக்காந்து கணக்கெடுத்தது?" அடுத்தவர் பக்கத்தைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். சிரித்தவர் பக்கத்தை இன்னொருவர் உரக்கப் படித்தார். திருவேங்கடம் மேடையிலேயே நின்று தன் பக்கத்தைப் படித்தார். அவருக்கு நான் எழுதியிருந்தது, 'பலகையில் ஐந்து. நாற்காலியில் ஏழு நாற்பது. வெள்ளிக்கிழமை நாற்காலி மட்டும் இருக்கும்.'

கிளாரா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். "எடுத்துட்டேன்னு சொன்னீங்களேப்பா." அவ்வளவுதான் சொன்னாள். நான் எடுத்துவிட்டேன் என்று சொல்லவில்லை, சரி என்றுதான் சொன்னேன். அதை விளக்குவதற்குள் மேடைக்கு ஓடிவிட்டாள்.

ஹபீபா என்று ஒரு பிரசவ டாக்டர், வயதானவர், அவர் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு எழுதியிருந்தது ஐந்தும் ஏழேகாலும். "ஐயா, ஏழு மணி வரைக்கும் நான் பெரியாஸ்பத்திரி பிரசவ வார்டுல நிப்பேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். துண்டறிக்கை எழுதுகிறவன் யாரையும் கேட்பதில்லை, அம்மா, தோல்ஷாப் முதலாளிக்கும் காரணம் இருந்தது என்றேன். அந்த அம்மா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். என் வாதத்துக்குப் பதில் இல்லை, வேறென்ன செய்வார்?

இதனால் என்ன பயன் என்று கேட்கிறீர்கள். ஊரில் போய்ப் பாருங்கள். பதினோரு டாக்டர்கள் பலகையை மாற்றிவிட்டார்கள். ஐந்து என்று இருந்த இடத்தில் இப்போது ஏழரை என்று எழுதியிருக்கிறது. உண்மை ஜெயித்தது. என்ன, உங்களுக்கு அதில் என்ன லாபமா? முன்பு ஐந்து மணிக்கு வந்து ஏழரை வரை உட்கார்ந்தீர்கள். இப்போது... சரி, எட்டரைக்கு வருகிறார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அது அடுத்த போராட்டம். எல்லாவற்றையும் ஒரே போராட்டத்தில் முடிக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நான்காம் நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. மானநஷ்டம். இணையதளத்தை மூட வேண்டும், பிரதிகளைத் திருப்பி வாங்க வேண்டும், குறிப்புகளை எழுதியவர் மேல் வழக்குப் போடப்படும். திருவேங்கடம் கிளாராவைக் கூப்பிட்டுப் பேசினார். நானும் போனேன், வெளியே உட்காரச் சொன்னார்கள், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உங்க மேல எங்களுக்குக் கோபமில்லம்மா. வேலை சுத்தமா இருக்கு. உங்கப்பா உங்களுக்குத் தெரியாம பண்ணிட்டார்னு ஒரு கடுதாசி குடுங்க. அவரை நாங்க பாத்துக்குறோம். நீங்க அடுத்த இதழை ஆரம்பிங்க" என்றார்.

பாருங்கள், எவ்வளவு சுலபமான வழி! எனக்கு உள்ளே அப்படி ஒரு சந்தோஷம். வீட்டுக்குப் போனதும் முகம் மழித்துக்கொண்டேன். ஒரு துண்டு, ஒரு சோப்பு, இரண்டு வேட்டி, மாத்திரை டப்பா, எல்லாம் பையில் வைத்தேன். மூன்று முறை சிறைக்குப் போனவன் நான். ஒருமுறைகூட மன்னிப்புக் கடிதம் எழுதியதில்லை. எழுதினால் நாளைக்கே விடுகிறேன் என்று ஒரு ஜெயிலர் பேனாவை நீட்டினார். பேனா நன்றாக எழுதுகிறது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பிக் கொடுத்தேன். இந்த வயதில் நான்காவது முறை. நீதிமன்றத்தில் என்ன பேசுவது என்றுகூட எழுதிவிட்டேன்.

கிளாராவிடம் சொன்னேன், "எழுது. எங்கப்பன் எழுதினான், எனக்குத் தெரியாது என்று எழுது." அவள் என் பையைத் திறந்து பார்த்தாள். மாத்திரை டப்பாவை எடுத்து எண்ணிப் பார்த்தாள், திரும்ப வைத்தாள். மறுநாள் கடிதம் கொடுத்துவிட்டு வந்தாள்.

என்ன கொடுத்தாள் தெரியுமா? இதோ, ஜெராக்ஸ். என் பையிலேயே இருக்கும். படிக்கிறேன்.

'கைநாடி முதல் இதழிலும் இணையதளத்திலும் வெளிவந்த குறிப்புகள் அனைத்தையும் எழுதியவள் நான். என் தந்தைக்கு இதில் பங்கில்லை. அவர் எழுத்துப்பிழை மட்டுமே திருத்தினார். மருத்துவர்களின் மனம் புண்பட்டதற்கு வருந்துகிறேன். ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்கிறேன். கிளாரா.'

எழுத்துப்பிழை! தோழர், எழுத்துப்பிழை மட்டுமே திருத்தினாராம்! ஏழு மாதம் டீக்கடையில் உட்கார்ந்தது யார்? மழையில் நனைந்தது யார்? 'நாற்காலி மட்டும் இருக்கும்' என்று எழுத அவளால் முடியுமா? அந்த வரிக்காக நான் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். என் வார்த்தைக்கு அவள் பெயரைப் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டு, அதற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டாள். நான் கேட்காத மன்னிப்பை, என் எழுத்துக்காக, என் மகள் கேட்டிருக்கிறாள். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன அவமானம் வேண்டும்?

வீட்டில் கத்தினேன். அவள் நின்று கேட்டுக்கொண்டாள். கடைசியில், "நான் ஏன் எழுதிக் குடுத்தேன்னு உங்களுக்கு நெசமாவே புரியலையாப்பா?" என்றாள். புரியவில்லை என்றேன். இன்றைக்கும் புரியவில்லை. வழக்கைக் கைவிட்டார்கள். 'கோடு' மூடியாகிவிட்டது. அந்த இரண்டு பெண்களும் ஜவுளிக்கடையில் இருக்கிறார்கள். கிளாரா மதுரையில் யாரோ ஒருவருடைய அலுவலகத்தில் பேனர் போட்டுக்கொண்டிருக்கிறாள். தினமும் அவள் அம்மாவைக் கூப்பிடுகிறாள். என்னிடம் பேச நேரமில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது. உங்கள் கையில் இருக்கிற இந்த இரண்டாம் இதழை வேறு யாரோ செய்திருக்கிறார்கள். சின்னத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

அதனால்தான் வந்திருக்கிறேன். எனக்கு எலும்பில் ஒரு கோளாறும் இல்லை. மறுப்பறிக்கை எழுதி எடுத்து வந்திருக்கிறேன். 'குறிப்புகளை எழுதியவன் நானே. சவரிமுத்து. ஒரு எழுத்தைக்கூடத் திரும்பப் பெற மாட்டேன்.' இதைத் திருவேங்கடத்தின் மேசையில் வைத்து, அடுத்த இதழில் போடு, இல்லையென்றால் வழக்குப் போடு என்று கேட்கப் போகிறேன்.

என்ன சொன்னீர்கள்?

அப்படியானால் உங்கள் மகள் எழுதிக் கொடுத்தது பொய்யென்று ஆகிவிடாதா என்கிறீர்கள்.

ஆகும்தான். அது எனக்குத் தெரியாதா? அதற்கும் ஒரு வரி போட வேண்டும். துண்டறிக்கை என்றால் எதிராளியின் வாதத்துக்கும் பதில் இருக்க வேண்டும். இங்கே பாருங்கள், இந்த இடம் காலியாக விட்டிருக்கிறேன். 'என் மகள் கிளாரா' என்று தொடங்கியிருக்கிறேன். அதற்கு அடுத்து என்ன வார்த்தை போடுவது? 'பொய் சொன்னாள்' என்று போட்டேன், அடித்தேன். 'தவறுதலாக' என்று போட்டேன். அவள் எதையும் தவறுதலாகச் செய்கிறவள் இல்லை. 'அறியாமல்' என்று போட்டேன், அதையும் அடித்தேன். ஐம்பது வருடம் எழுதியிருக்கிறேன். கலெக்டருக்கு எழுதியிருக்கிறேன், மந்திரிக்கு எழுதியிருக்கிறேன், எந்த வரிக்கும் நான் இப்படித் தடுமாறியதில்லை. தடுமாற்றம் இல்லை, வார்த்தை சரியாக அமையவில்லை. அமையும்.

அதோ, நர்ஸ் கூப்பிடுகிறாள். சவரிமுத்து என்றுதான் கூப்பிடுகிறாள், கேட்டது.

நீங்கள் போங்கள்.

போங்கள், தோழர். உங்கள் கை வீங்கியிருக்கிறது. அவசரம் யாருக்கோ அவர் முன்னால் போவதுதான் நியாயம். போன வாரம் இடுப்பொடிந்த ஒரு கிழவர், என் முறையை அவருக்குக் கொடுத்தேன். அதற்கு முந்தின வாரம் ஒரு கர்ப்பிணி. பயந்துகொண்டு விட்டதாக நினைக்காதீர்கள். இந்தத் திருவேங்கடத்துக்கா நான் பயப்படுவேன்? அம்மா நர்ஸ், இவரைக் கூட்டிக்கொண்டு போ, நான் அடுத்தது வருகிறேன். பேனா இருந்தால் மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள், என்னுடையதில் மை தீர்ந்துவிட்டது. நான் எங்கேயும் ஓடிப்போகிறவன் இல்லை. இந்த நாற்காலியை விட்டு என்னை யாரும் எழுப்ப முடியாது.